ஒட்சிசன் கடைசி மருந்து அல்ல

(மட்டக்களப்பு மாவட்டம் கிரானுக்கு வந்திருந்த நமது தோட்டக் குடும்பங்களுக்கும் பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளர்களுக்கும், அவ்வூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டது. பேச்சு நடை இயன்றவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



நீங்கள் வந்த பாதையை ஒருக்கா நினைத்துப் பாருங்கள். பேராதனையில் தொடங்கி, நுவரெலியா, பதுளை என்று மலையெல்லாம் சுற்றி இறங்குகிற ஏ5 வீதி, இஞ்ச பக்கத்தில் செங்கலடியில்தான் வந்து முடிகிறது. ஆக உங்கட லயத்து வாசலும் எங்கட வாவிக்கரையும் ஒரே றோட்டில்தான் இருக்கின்றன. இறங்கி வரும்போது காது அடைத்திருக்கும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றில் ஒட்சிசன் எந்த ஊரிலும் 21 வீதம்தான். ஆனால் மேலே ஒரு மூச்சில் அள்ளிக்கொள்ளும் அளவு குறைந்துவிடும். சுகமான ஆளுக்கு அது தெரியாது, உடம்பு பழகிவிடும். நெஞ்சு பழுதான கிழவனுக்கும், சளிக்காய்ச்சல் வந்த குழந்தைக்கும்தான் அது கணக்கில் வரும். அதனால்தான் இன்றைக்கு இந்த விஷயத்தைப் பேச எடுத்தேன்.

முதலில் ஒரு பயத்தைச் சொல்ல வேணும். அது உங்களிடமும் இருக்கிறது, எங்களிடமும் இருக்கிறது. வார்ட்டில் ஒருவருக்கு ஒட்சிசன் மாட்டினால் போதும், வாசலில் நிற்கிற சொந்தக்காரர் ஊருக்குப் போன் போட்டு விடுவார்: "ஒட்சிசன் வெச்சிட்டாங்களாம், எல்லாரும் வெளிக்கிட்டு வாங்க." நான் வேலை செய்த காலத்தில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ஒரு அம்மா, மகளுக்குப் போட்ட முகமூடியை ராத்திரி கழற்றித் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டார். கேட்டதற்கு, "இத போட்டா புள்ள போயிரும் மிஸ்ஸி" என்று அழுதார். நல்ல காலம், நான் சுற்றுக்கு வந்த நேரம். பிள்ளையின் உதடு நீலம் பாரித்துப் போயிருந்தது. திரும்ப மாட்டினோம். ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனது.

ஒட்சிசன் கடைசியில் கொடுக்கிற ஒன்று அல்ல. அது ஒரு மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மயக்க மருந்தோடு சேர்த்து முன்பே இருந்தது. 2017இல் இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்த நோயாளிக்குரிய மருந்தாகவும் சேர்த்தார்கள். மருந்து என்றால் அளவு உண்டு. குறைந்தாலும் கூடாது, கூடினாலும் கூடாது. பனடோலை எண்ணித்தானே கொடுக்கிறோம்? இதையும் அப்படித்தான் எண்ண வேணும்.

இன்னொன்று. ஒட்சிசன் நோயைச் சுகமாக்காது. நியூமோனியாவை மாற்றுவது ஊசி மருந்து. அந்த மருந்து வேலை செய்ய இரண்டு மூன்று நாள் வேணும். அதுவரைக்கும் மூளையையும் இருதயத்தையும் காப்பாற்றி வைத்திருப்பதுதான் ஒட்சிசனின் வேலை. பாலம் கட்டி முடிகிற வரைக்கும் ஓடுகிற தோணி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சாமான்களைக் கொண்டு வந்திருக்கிறேன். பழசு, கழுவினது. கை மாற்றிப் பாருங்கள்.

இது மூக்குக் குழாய். இரண்டு சின்ன முனை மூக்குத் துவாரத்தில் நிற்கும். குழாயைக் காதில் கொளுவி நாடிக்குக் கீழே இறுக்குவார்கள். நிமிடத்துக்கு 1 லீற்றரில் இருந்து 6 லீற்றர் வரை விடலாம். நோயாளிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 24 வீதத்தில் இருந்து 40, 44 வீதம் வரை. இதன் பெரிய நன்மை என்ன? இதை மாட்டிக்கொண்டே கஞ்சி குடிக்கலாம், பேசலாம், குழந்தை பால் குடிக்கலாம். வாயால் மூச்சு விட்டாலும் கொஞ்சம் போகும். சின்னக் குழந்தைகளுக்கு நல்லது இதுதான். அவர்களுக்கு 1, 2 லீற்றரே காணும். காதுக்குப் பின்னால் தோல் உரிகிறதா, மூக்கு காய்ந்து இரத்தம் கசிகிறதா என்று பக்கத்தில் இருக்கிறவர் பார்த்துக்கொண்டால் தாதிக்குப் பெரிய உதவி.

இது சாதாரண முகமூடி. 5 தொடக்கம் 10 லீற்றர். 5க்குக் கீழே வைக்கவே கூடாது. ஏன் தெரியுமா? நாம் வெளியே விடுகிற காபனீரொட்சைட்டு முகமூடிக்குள் தேங்கி, அதையே திரும்ப இழுக்க வேண்டி வரும். "சிலிண்டர் முடியப் போகுது, கொஞ்சம் குறைப்போம்" என்று 2 லீற்றரில் வைத்து முகமூடியைப் போட்டு விட்டால் அது உபகாரம் இல்லை. குறைக்க வேணுமென்றால் மூக்குக் குழாய்க்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

இந்தப் பை தொங்குகிற முகமூடி கடுமையான நோயாளிக்கு. 10 தொடக்கம் 15 லீற்றர். பையை முதலில் ஊதி நிரப்பிவிட்டுத்தான் முகத்தில் போடுவார்கள். மூச்சு இழுக்கும்போது பை முழுவதும் சப்பையாகிப் போனால் காற்று போதவில்லை என்று அர்த்தம், உடனே தாதியைக் கூப்பிடுங்கள். ஆஸ்துமா முற்றினவர், விபத்தில் இரத்தம் போனவர், புகைக்குள் அகப்பட்டவர், இவர்களுக்கு இது.

அடுத்தது இந்த நீல மூக்கு வைத்த முகமூடி. வென்சூரி முகமூடி என்பார்கள். இதைப் பற்றிச் சொல்லும்போது என்னால் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. என்ட வாப்பாவின் கதை அதில் இருக்கிறது. மன்னிக்க வேணும், பக்கத்து ஊர் முஸ்லிம் சினேகிதிகளோடு வளர்ந்து நானும் அப்பாவை வாப்பா என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

அப்பா கமக்காரர். சுருட்டும் பீடியும் ஐம்பது வருஷம். கடைசிக் காலத்தில் நாலு அடி நடந்தால் இளைப்பு. நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய். வயல் கிரானுக்கு மேற்கே. உங்களில் சிலர் காலையில் புலிபாய்ந்தகல் பக்கம் போய்ப் பார்த்தீர்கள். மாரி பெரிதாக அடித்தால் அந்த வீதி தண்ணிக்குள் போய்விடும். பேரில்லாவெளி, கோராவெளி, குடும்பிமலைப் பக்கத்து ஆக்கள் இந்தப் பக்கம் வர வள்ளம்தான். 2011 ஜனவரி வெள்ளம் மட்டக்களப்பு மறக்க முடியாத வெள்ளம். அப்பா அந்த நேரம் வாடியில் இருந்தார். சளி கட்டி, மூச்சு எடுக்க ஏலாமல் போய்விட்டது. தம்பியும் இரண்டு பொடியன்களும் அவரை வள்ளத்தில் ஏற்றினார்கள். யாரோ புண்ணியவான்கள் ஒரு சின்னச் சிலிண்டரும் சாதாரண முகமூடியும் கொண்டு வந்து கொடுத்தார்கள். தம்பி திருகை முழுக்கத் திறந்து விட்டான். யார்தான் திறக்க மாட்டார்? தகப்பன் மூச்சுக்குத் தவிக்கிறார், கையில் காற்றுப் போத்தல் இருக்கிறது.

கரைக்கு வந்தபோது நான் நின்றேன். தம்பி சந்தோஷமாகச் சொன்னான்: "அக்கா, இளைப்பு நின்டுட்டு. அப்பா நல்லா நித்திரை கொள்றார்."

நான் கையைத் தொட்டேன். சுடச்சுட இருந்தது, வியர்வை. கையை நீட்டிப் பிடித்தால் விரல் கோழி செட்டை அடிக்கிற மாதிரி அடித்தது. கூப்பிட்டால் முனகுகிறார், கண் திறக்கவில்லை. அது நித்திரை இல்லை. வருஷக்கணக்காக நெஞ்சு அடைத்த இப்படிப்பட்ட நோயாளிகளில் சிலருக்கு அளவுக்கு மிஞ்சி ஒட்சிசன் கொடுத்தால், வெளியே போக வேண்டிய காபனீரொட்சைட்டு இரத்தத்தில் தேங்கிவிடும். தேங்கினால் தலையிடி, தூக்கம், மறுகா மயக்கம். அப்படியே மூச்சும் நின்று போகலாம்.

அதற்காக ஒட்சிசனைச் சட்டென்று கழற்றவும் கூடாது. கழற்றினால் இரத்தத்தில் ஒட்சிசன் முன்பு இருந்ததை விடக் கீழே விழும். அளவைத்தான் குறைக்க வேணும். வார்ட்டில் டொக்டர் செய்தது இதுதான்: இந்த நீல மூக்கு வென்சூரியைப் போட்டார், நிமிடத்துக்கு 2 லீற்றர், 24 வீதம். இரவு முழுக்க மூச்சுக்கு உதவுகிற மெசினும் போட்டார்கள். விடியக்காலையில் அப்பா கண் திறந்து, "வெள்ளாண்மை தாண்டிட்டா?" என்று கேட்டார். வெள்ளாண்மை முழுக்கத் தாண்டிவிட்டது. ஆனால் அவர் இன்னும் ஐந்து வருஷம் இருந்தார்.

தம்பியில் பிழை இல்லை. சிலிண்டர் தந்தவரும் நல்ல மனதோடுதான் தந்தார். ஆனால் அப்பாவுக்கு இந்த நோய் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இந்த நோய்க்காரருக்கு அளவாகத்தான் ஒட்சிசன் என்று எனக்கு மட்டும் தெரியும். தாதியாக இருந்த நான் வீட்டில் அதைச் சொல்லி வைக்கவில்லை. அந்தக் குறை என்னுடையது. அதனால்தான் போகிற இடமெல்லாம் இதைச் சொல்கிறேன்.

வென்சூரியில் மூக்கு நிறம் மாறும். பொதுவாக நீலம் 24 வீதம், வெள்ளை 28, செம்மஞ்சள் 31, மஞ்சள் 35, சிவப்பு 40, பச்சை 60. எத்தனை லீற்றர் விட வேணும் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். நோயாளி எப்படி மூச்சு விட்டாலும் வீதம் பெரிதாக மாறாது என்பதுதான் இதன் கெட்டித்தனம். 1960இல் மொறன் காம்பெல் என்ற வைத்தியர் கொண்டு வந்தது.

லயத்தில் இருக்கிற அம்மாமார் இதைக் கவனிக்க வேணும். இந்த நோய் சுருட்டுக் குடித்த ஆம்பிளைக்கு மட்டும் வருவதில்லை. புகைபோக்கி இல்லாத குசினியில் நாற்பது வருஷம் விறகு ஊதின அப்பாயிக்கும் வரும். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால், கிளினிக் கொப்பியில் நோயின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்துக்குக் கொண்டு போகும்போது முதல் வசனமே இதுவாக இருக்கட்டும்: "இவங்களுக்கு நாட்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் இருக்கு, ஒட்சிசன் அளவா குடுங்க." இவர்களுக்கு இரத்தத்தில் 88 தொடக்கம் 92 வீதம் போதும். மற்ற ஆக்களுக்கு 94இல் இருந்து 98.

அந்த வீதத்தை எப்படிப் பார்ப்பது? விரலில் கவ்வுகிற இந்தச் சின்னப் பெட்டி, பல்ஸ் ஒக்சிமீற்றர். ஜப்பான்காரர் தக்குவோ அவொயாகி 1974இல் இதன் அடிப்படையைக் கண்டுபிடித்தார். கொவிட் வந்த 2020 ஏப்ரலில்தான் அவர் காலமானார். உலகம் முழுக்க வீட்டுக்கு வீடு அவருடைய பெட்டியைத் தேடிக்கொண்டிருந்த நேரம். உங்கட ஊரில் இதைப் போடும்போது கவனம். குளிரில் விறைத்த விரலில் சரியாகக் காட்டாது, தேய்த்துச் சூடாக்கிப் போடுங்கள். நகப்பூச்சு, மருதாணி இருந்தால் வேற விரல். கறுத்த தோலில் இருப்பதை விடக் கொஞ்சம் கூட்டிக் காட்டவும் செய்யும். ஆகவே இலக்கம் நல்லா இருக்கிறது என்பதற்காக, மூச்சு வாங்குகிற ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

முழுப்பொய் சொல்கிற ஒரு சந்தர்ப்பமும் உண்டு. குளிருக்குக் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு, சட்டியில் கரி நெருப்பு வைத்துப் படுப்பது. கரி அரைகுறையாக எரியும்போது காபனோரொட்சைட்டு வரும். மணம் இல்லை, நிறம் இல்லை. ஒட்சிசன் உட்கார வேண்டிய இடத்தில் இரத்தத்தில் அது போய் ஒட்டிக்கொள்ளும். பெட்டி 98 என்று காட்டும், ஆள் செத்துக்கொண்டிருப்பார். தலையிடி, வாந்தி, ஒரே அறையில் எல்லாருக்கும் ஒரே மாதிரி மயக்கம் என்றால் கதவைத் திறந்து எல்லாரையும் வெளியே இழுங்கள், அவசரமாக வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். அங்கே பை முகமூடி போட்டு முழு ஒட்சிசன் கொடுப்பார்கள். சாதாரணக் காற்றில் அந்த விஷம் பாதியாகக் குறைய நாலைந்து மணித்தியாலம். முழு ஒட்சிசனில் ஒன்று, ஒன்றரை மணித்தியாலம்.

இனிப் பிள்ளைகள். பிள்ளைக் காம்பராவில் இருக்கிற தங்கச்சிமார் இதை எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேணும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், ஒரு வயதுக்குள் 50 அல்லது மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 அல்லது மேல் என்றால் வேகமான மூச்சு. விலாவுக்குக் கீழே உள்ளே குழிந்தால், பால் குடிக்காவிட்டால், உதடு நீலமானால், சோர்ந்து துவண்டால் காத்திருக்காதீர்கள். தாயைக் கொழுந்து மலையிலிருந்து கூப்பிட ஆள் அனுப்பிக்கொண்டே வாகனத்துக்கும் சொல்லுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி மறுகா நாடு முழுக்க வந்தது. வண்டியில் ஒட்சிசன் இருக்கும்.

இது பெரிய நாட்டுக்காரர் வித்தை இல்லை. பப்புவா நியூகினியில் ஐந்து வைத்தியசாலைகளில் விரல் பெட்டியும் ஒட்சிசன் மெசினும் வைத்து, தாதிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நியூமோனியாவில் சாகிற பிள்ளைகள் நூற்றுக்கு ஐந்து பேராக இருந்தது மூன்று பேராகக் குறைந்தது. 2008இல் அந்த முடிவு வெளிவந்தது. டாக்காவில் டொக்டர் சிஸ்தி என்பவர் விலை கூடின மெசினுக்குப் பதிலாக, வெறும் ஷாம்பு போத்தலில் தண்ணீர் விட்டுக் குழாயின் முனையை அதில் அமிழ்த்தி, குமிழியின் அழுத்தத்தால் குழந்தைகளின் நுரையீரலை விரித்து வைத்தார். அதைச் சோதித்து 2015இல் எழுதினார்கள். வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், அது வார்ட்டில் டொக்டர் நிற்கச் செய்கிற வேலை.

மறுகா சிலிண்டர். கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 340 லீற்றர் கொள்ளும் சிலிண்டர் ஒன்று. 2 லீற்றரில் விட்டால் 170 நிமிடம். 10 லீற்றரில் 34 நிமிடம். 15இல் 22 நிமிடம்தான். உங்கட தோட்டத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு லொறியில் எவ்வளவு நேரம்? மழையில் றோட்டு இடிந்தால் எவ்வளவு நேரம்? வண்டி கிளம்ப முன்பே கேளுங்கள்: "இது எத்தனை நிமிஷத்துக்குக் காணும்?" கேட்பதில் வெட்கம் இல்லை. கேட்கப்படாத சிலிண்டர்தான் பாதி வழியில் முடியும்.

மின்சாரத்தில் ஓடுகிற மெசினும் உண்டு. அது ஒட்சிசனைச் செய்வதில்லை. அறைக் காற்றை இழுத்து, சியோலைட் என்ற மணல் மாதிரிச் சாமானால் நைதரசனைப் பிடித்து வைத்துக்கொண்டு, 90 வீதத்துக்கு மேல் ஒட்சிசனாக வெளியே விடும். வீட்டில் பாவிக்கிற ரகம் 5 லீற்றர் வரைக்கும். எப்போதும் ஒட்சிசன் குறைந்தே இருக்கிற நாட்பட்ட நோயாளி, நாளைக்குக் குறைந்தது 15 மணித்தியாலம் பாவித்தால் ஆயுள் நீளும் என்று 1980, 1981இல் வந்த ஆராய்ச்சிகளில் தெரிந்தது. இளைப்பு வரும்போது மட்டும் பத்து நிமிடம் பிடித்துவிட்டு மூடி வைப்பதில் அந்தப் பலன் இல்லை. டொக்டர் பரிசோதித்து எழுதினால் மட்டும் எடுங்கள். கரண்ட் போனால் அது வெறும் பெட்டி. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததே, அதை மறக்க வேண்டாம். 2021 ஓகஸ்டில் கொவிட் உச்சத்தில், நாட்டுக்கே ஒட்சிசன் பற்றாமல் விசாகப்பட்டினத்திலிருந்து இந்தியக் கடற்படையின் சக்தி கப்பல் 100 தொன் கொண்டு வந்தது. நாடே முன்கூட்டிச் சேர்த்து வைக்க வேண்டிய சாமான் என்றால், வீட்டில் மெசின் வைத்திருக்கிறவர் மாற்று வழி யோசிக்காமல் இருக்க ஏலுமா?

நெருப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என்னை ஏசுவீர்கள். ஒட்சிசன் தானாக எரியாது. ஆனால் எரிகிறதைப் பேயாக எரிய வைக்கும். ஒட்சிசன் ஓடுகிற அறையில் பீடி, குப்பி விளக்கு, சூடம், அடுப்பு எதுவும் வேண்டாம். நோயாளி சுகமாக வேணும் என்று கட்டில் காலில் சூடம் கொளுத்திக் கும்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சாமி கோவிக்காது, வெளியில் கொளுத்துங்கள். எண்ணெய்க் கையால் சிலிண்டர் திருகைத் தொடக்கூடாது. உதடு காய்ந்தால் வஸ்லீன், தைலம் பூச வேண்டாம், தாதியிடம் கேட்டால் தண்ணீர்ச் சேர்க்கையான களிம்பு தருவார். சிலிண்டர் விழாமல் சங்கிலியில் கட்டியிருக்க வேணும்.

கேள்வி கேட்க வேணுமென்று அங்கே ஒரு அம்மா கை தூக்குகிறா. கேளுங்க அம்மா.

"மிஸ்ஸி, எங்க வீட்டுக்காரருக்கு இளைப்பு. ஆனா ஆஸ்பத்திரில விரல் பெட்டி வெச்சுப் பாத்துட்டு ஒட்சிசன் குடுக்கலீங்க. ஏழைன்னு குடுக்காம விட்டாங்களோன்னு மனசு கேக்குது."

நல்ல கேள்வி. இலக்கம் எவ்வளவு என்று சொன்னார்களா? 95ஆ? அப்படியென்றால் அவர் இரத்தத்தில் ஒட்சிசன் போதுமான அளவு இருக்கிறது. இளைப்பு வேற, ஒட்சிசன் குறைவு வேற. இரண்டும் எப்போதும் சேர்ந்து வராது. அவருக்கு வேண்டியது இழுக்கிற மருந்தோ, இருதயத்துக்கு மருந்தோ, இரத்தசோகைக்கு மருந்தோ, டொக்டர்தான் பார்க்க வேணும். வீட்டில் இளைத்தால் படுக்க விடாதீர்கள். நிமிர்த்தி இருத்தி, கையை மேசையில் ஊன்றிக் கொஞ்சம் முன்னால் சாயச் சொல்லுங்கள். முகத்துக்கு விசிறுங்கள், அதுவே கொஞ்சம் ஆற்றும். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது, "ஒட்சிசன் எத்தனை வீதம்?" என்று கேட்டு, கொப்பியில் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு தரமும் எழுதினால், குறைந்துகொண்டு வருகிறதா என்று தெரியும். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இன்னும் கேள்வி இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு வாங்க. அந்த வென்சூரி மூக்குகள் ஆறும் திரும்பி வந்துட்டா? பச்சை ஒன்று குறையுது. சின்னப் பொடியன் ஒருத்தன் கையில வச்சிருக்கான் போல, பறிக்க வேண்டாம், பார்த்துட்டுத் தரட்டும்.